ஏழாம் மாடியில் இன்னும் ஒருவர்

1. விதி

எங்கள் வெளிநாட்டுச் சேவையின் கொன்சியூலர் கைநூலில் விதி தெளிவாகவே இருந்தது. இறந்தவரின் உடலோ, உடலின் எச்சமோ, சாம்பலோ அலுவலக வளாகத்தினுள் எக்காரணம் கொண்டும் வைக்கப்படலாகாது. சாம்பலை நாட்டுக்கு அனுப்ப விரும்பும் உறவினர் அதை ஈமச்சடங்கு நிலையத்திலேயே வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் அங்கே போய், கலசத்தைக் கண்ணால் பார்த்து, முத்திரையிட்டு, சான்றிதழ் கொடுக்க வேண்டும். ராஜதந்திரப் பையில் அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சர்வதேச ஒப்பந்தத்தின்படி அந்தப் பையில் அலுவல் ஆவணங்களும் அலுவலகப் பாவனைக்கான பொருட்களும் மட்டுமே போகலாம். அமைச்சர்களின் மனைவிமாருடைய புடைவைகள் அலுவலகப் பாவனைக்கான பொருட்களாகப் போயிருக்கின்றன. சாம்பல் போனதில்லை.

இந்த விதியை நான் இருபத்தைந்து வருடம் பிறருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அது பொருந்தியிருக்க வேண்டிய ஒரே ஒரு தடவை என்ன நடந்தது என்பதை, இந்தச் சேவைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ரொறன்ரோவில் கொன்சலாக இருந்தேன். நகரின் வடக்கே, ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏழாம் மாடி. ஒரு காத்திருப்பு அறை, ஒரு கவுண்டர், என் அறை, அதில் வெற்றுக் கடவுச்சீட்டுகள் வைக்கும் இரும்பு அலுமாரி. கவுண்டரில் தெரேசா இருந்தார். மன்னாரில் பிறந்து நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் குடியிருந்தவர். பயப்படும்போது மட்டும் சிலுவை போடுவார், மற்ற நேரங்களில் எவருக்கும் பயப்படமாட்டார்.

அந்த நாட்களில் அங்கே வரும் எங்கள் சனத்துக்கு, அரசாங்கத்தின் கதிரையில் ஒரு தமிழன் இருப்பது செமிபாடடையாத விடயம். கடவுச்சீட்டைத் தள்ளியபடி ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்.

“அண்ணை எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?”

“நாலரை மணி மட்டும் நான் கவுண்டரின்ர ஆள்” என்றேன். “ரண்டு படமும் ஒரே அளவிலை வேணும். இதிலை ஒண்டு பெரிசு.”

2. இரண்டு அட்டைகள்

ஒரு ஜனவரி மாதக் காலையில் சுகந்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மோர்னிங்சைட்டில் ஒரு பதினாலாம் மாடி அப்பார்ட்மென்டில் கணவனோடு இருந்தாள். அவளுடைய தந்தை விசாகரத்தினம் முந்திய வசந்தத்தில் காலமானவர்.

இளையவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. பரீட்சை எழுதி வெளிநாட்டுச் சேவைக்கு வந்த பழைய தலைமுறை. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஒரு தலைநகரில், தூதுவர் விடுமுறையில் போயிருக்க, இரண்டாம் செயலாளராக இருந்து எங்கள் மாலுமிகளை வெளியே கொண்டுவந்தவர். பிறகு இரண்டு நாடுகளில் தூதுவர். கடைசியில் அமைச்சின் செயலாளர். என்னுடைய முதல் நாள் வேலை அவரிடம்தான். நான் இரவெல்லாம் எழுதிய வரைவை ஒரு நிமிடம் பார்த்தார். “அடிக்குறிப்பை வாசிச்சனீரோ?” என்றார். நான் வாசித்திருக்கவில்லை. வரைவு திரும்பி வந்தது. அந்தக் கேள்வியை அவர் அமைச்சர்களிடமும் கேட்டிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். அதனால்தான் அவருக்குச் சேவை நீடிப்புக் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தின் வடகரையில் கீரிமலையில் இருந்த அவருடைய வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவர் ரொறன்ரோவில் மகளிடம் வந்து சேர்ந்தார். அரசாங்கம் அவரைத் தமிழர் என்று மறந்தது. எங்கள் சனம் அவரை அரசாங்கத்தின் ஆள் என்று ஒதுக்கியது. செத்த வீட்டுக்கு என்னையும் சேர்த்து ஒரு வான் கொள்ளும் அளவு ஆட்கள்தான் வந்திருந்தோம்.

சுகந்தி ஒரு துணிப்பையை என் மேசைமேல் இரண்டு கைகளாலும் வைத்தாள்.

“அங்கிள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்.”

பைக்குள் பித்தளைக் கலசம் இருந்தது. பையின் பிடியில், கட்டடத்துக்குள் வருபவர்களுக்குக் கீழே கொடுக்கும் பிளாஸ்டிக் அட்டை ஒன்று குத்தியிருந்தது. இன்னொன்று அவளுடைய கோட்டில் இருந்தது.

“கீழை செக்கியூரிட்டிக்காரன் எத்தினை பேர் எண்டு கேட்டவன். ரண்டு பேர் எண்டு வாயிலை வந்திட்டுது. அவன் நிமிர்ந்து பாத்திட்டு ரண்டு அட்டை தந்தான்.”

“பிள்ளை, உதை இஞ்சை கொண்டு வரக்கூடாது. விதி இருக்கு. வீட்டிலை ஏன் வைக்கேல்லை?”

“சாம்பலை வீட்டுக்குள்ளை எடுக்கிறேல்லை எல்லோ அங்கிள். ஊரிலை எண்டால் காடாத்திச் சாம்பல் அள்ளின அண்டைக்கே கடலிலை கரைச்சிருப்பம். பியூனரல் ஹோமிலை ஆறு மாசம் வைச்சிருந்தாங்கள். பிறகு எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள். பதினாலாம் மாடியிலை வெளி எண்டு எங்கை இருக்கு? பல்கனிதான் வெளி. பல்கனியிலை கட்டித் தூக்கினனான். இப்ப சூப்பரின்டென்டன் வந்து, பனிக்காலத்திலை பல்கனியிலை ஒண்டும் இருக்கக்கூடாதாம் எண்டு நிக்கிறான்.” அவள் பையைத் தொட்டாள். “மைனஸ் இருபதிலை அப்பா வெளியிலை நிக்கிறார் எண்டு எனக்கு நித்திரையும் இல்லை.”

அவள் கேட்டது ஒன்றுதான். சாம்பல் கீரிமலைக் கடலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்ட கடைசி வாக்கு அது. ஏப்ரலில் வரும் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு முன்னர் அது நடக்க வேண்டும். வலயத்துக்குள் போக அனுமதி கிடைத்தால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி பொறுப்பெடுத்துக் கரைப்பான். திவசம் முடிந்த கையோடு அவர்கள் அஜக்ஸில் வாங்கிய வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அதற்குள் அனுமதி வராவிட்டால் ஏரியில் கரைத்துவிடுவது என்று கணவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

“ஏரியிலை கரைச்சால் அப்பா இஞ்சையே நிண்டிடுவார் அங்கிள். அவருக்கு இந்த ஊர் பிடிக்கேல்லை.”

நான் கைநூலைத் திறந்தேன். அதில் இன்னொரு பிரிவு இருந்தது: ஓய்வுபெற்ற தூதுவர்களுக்கு அலுவலக வசதிகள் மரியாதையின் அடிப்படையில் வழங்கப்படலாம். அவர்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. கலசத்தை இரும்பு அலுமாரியின் நடுத்தட்டில் வைத்துப் பூட்டினேன். அன்றே அனுமதி கேட்டு அமைச்சுக்கு எழுதினேன்.

அன்று மாலை கீழிருந்து காவலாளி தொலைபேசியில் அழைத்தார். ஏழாம் மாடியிலிருந்து ஒருவர் இன்னும் இறங்கவில்லை, அட்டை திரும்பவில்லை என்றார். மறுநாள் காலை தெரேசா அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் தொலைபேசி மறுபடி அடித்தது.

“அட்டைதான் வந்துவிட்டதே” என்றேன்.

“அட்டைக் கணக்குச் சரி” என்றார் காவலாளி. “ஆள்தான் இறங்கவில்லை.”

3. மூலைக் கதிரை

அடுத்த வாரம் ஒரு முதியவர் விண்ணப்பத்தோடு கவுண்டருக்கு வந்தார். ஏழாம் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார். தெரேசா காரணம் கேட்டார்.

“உங்கட பெரியவர்தானே சொன்னவர், அறுபது வயசுக்கு மேலை எண்டால் ஏழு தேவையில்லையாம்.”

“எந்தப் பெரியவர்?”

“கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அந்த மூலைக் கதிரையிலை இருந்தவர். நல்ல மனுசன். ஆனால் சிரிக்கமாட்டார் போலை.”

தெரேசா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். “சேர், நாங்கள் புதுசா ஆரையும் எடுத்தனாங்களோ?”

நான் போய்ப் பார்த்தேன். காத்திருப்பு அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். எவரும் கோட்டும் டையும் அணிந்திருக்கவில்லை. மூலைக் கதிரை வெறுமையாக இருந்தது. ஆனால் அது சுவரோடு இல்லை. யன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் தொழிலில் அப்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிச்சம் எதிரில் இருப்பவரின் முகத்தில் விழும், நம் முகம் நிழலில் இருக்கும். பேச்சுவார்த்தைக்குப் போனால் முதலில் அந்த இடத்தைப் பிடி என்பது விசாகரத்தினத்தின் பாடம். ஏழாம் கேள்வியைப் பற்றிச் சொன்னதும் சரியாகவே இருந்தது.

தெரேசா கதிரையைச் சுவரோடு தள்ளிவிட்டுப் போவார். மறுநாள் காலை அது திரும்பியிருக்கும். துப்புரவுப் பணியாளர்தான் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். துப்புரவுப் பணியாளரிடம் கேட்டோம். அந்த மூலையைத் தான் இப்போது கூட்டுவதில்லை என்றார். 

பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள். கல்லூரி மாணவி, தாயின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வந்தவள்.

“அந்த அங்கிள் ஸோ ஸ்ட்ரிக்ட், மான்” என்று தெரேசாவிடம் முறையிட்டாள். “ஐ வாஸ் ஜஸ்ட் சிட்டிங் தெயர். ஃபோமைப் பாத்திட்டு என்னவோ அடிக்குறிப்பை வாசிச்சனீரோ எண்டு கேட்டார். வாட் இஸ் அடிக்குறிப்பு?”

தெரேசா சிலுவை போட்டார். நான் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் வேலை பார்த்த முதல் நாளுக்கு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, மேசைக்குத் திரும்பியதும் என் கைகள் தாமாகவே நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த வரைவின் அடிக்குறிப்புகளைத் தேடின.

மூன்றாமவர்தான் என்னை அசைத்தார். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோன ஒரு தாய். கிராம அதிகாரி, பாடசாலை அதிபர், கோயில் தர்மகர்த்தா மூவரிடமும் ஒரே தாளில் ஒப்பம் வாங்கினால் போதும் என்று பெரியவர் சொன்னாராம். அப்படி ஒரு விதி இருந்தது. நான் சேவையில் சேருவதற்கு முன்பே அது நீக்கப்பட்டுவிட்டது. என்னிடம் இருந்த கைநூலில் இல்லை, நான் படித்த பதிப்பிலும் இல்லை. விசாகரத்தினம் ஒருமுறை ஏதோ பேச்சில் குறைப்பட்டதால் மட்டுமே எனக்குத் தெரியும். அது நல்ல விதி, நீக்கியவன் ஒரு மடையன் என்று சொல்லியிருந்தார்.

“அம்மா, அந்த முறை இப்ப இல்லை” என்றேன்.

“அவருக்குச் சொல்லுங்கோவன்” என்றார் அந்தத் தாய். “மனுசன் இன்னும் பழசையே பிடிச்சுக்கொண்டு இருக்கிறார், பாவம்.”

4. நினைவூட்டல்

அமைச்சிலிருந்து பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பிடித்தேன். கோப்பு பாதுகாப்புத் தரப்புக்குப் போயிருப்பதாக ஒருவர் சொன்னார். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் ஒரே அறையில் இருப்பவர்கள்.

சுகந்தி வாரத்துக்கு ஒருமுறை, தான் வேலை செய்யும் பாங்கின் மதிய இடைவேளையில் வருவாள். அலுமாரியைத் திறக்கச் சொல்லமாட்டாள். அதன் முன்னால் சற்று நின்றுவிட்டு, “பதில் வந்ததோ அங்கிள்?” என்று கேட்பாள். மார்ச் முடியும்போது அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

“எங்கட மாதா கோயில் எண்டால் ஒரு பூசை ஒப்புக்குடுத்து முடிச்சிருப்பம் சேர்” என்றார் தெரேசா. “உங்கட ஆக்களுக்குச் செத்தாலும் அமைச்சின்ர அனுமதி வேணும்.”

மூன்றாவது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்த பிற்பகலில் மேசைத் தொலைபேசி அடித்தது. தெரேசாவின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“சேர், பெரியவர் உள்ளுக்கை வாறார்.”

“ஆர்?”

“மறிக்கேலாமல் போச்சு சேர். கவுண்டரைத் தாண்டீட்டார்.”

கதவு திறக்கவில்லை. கைபிடி அசையவில்லை. வெளியே வெயிலில் பனி உருகி, யன்னல் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன், கோட்டின் பொத்தானையும் பூட்டியிருந்தேன். கையில் இருந்த வரைவை மேசையின் மறுபக்கமாக, எதிரில் இருப்பவர் வாசிக்கும்படி திருப்பி வைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று குறித்துவைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து வரைவை என் பக்கம் திருப்பி வாசித்தபோது, இரண்டாம் பந்தியில் ஒரு பிழை இருந்தது. அனுமதி கேட்கப்படும் கடற்கரையின் பெயரை எழுதாமல் விட்டிருந்தேன். முந்திய இரண்டு நினைவூட்டல்களின் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் பெயர் இருந்தது. திருத்தி அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை.

5. ஏரி

திவசத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது சுகந்தி கலசத்தை எடுக்க வந்தாள். அவள் கணவன் ரஞ்சன் கீழே காரில் இருந்தான்.

“நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தேல்லை” என்று அலுமாரியைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

நானும் போனேன். அலுவலக அலுவல் அல்ல, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஸ்காபரோவின் மண் மேடுகளுக்குக் கீழே, ஏரி கரையைத் தொடும் ஓரிடம். கரையோரத்தில் இன்னும் பனிக்கட்டித் துண்டுகள் மிதந்தன. ரஞ்சன் வேட்டியைக் காற்சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு இறங்கினான்.

“கெதியா ஊத்துங்கோ, காற்று இஞ்சாலை அடிக்குது” என்றாள் சுகந்தி.

“காற்று எங்களுக்கு மேலை கொண்டுவந்து கொட்டப்போகுது, பாரும்” என்றான் அவன்.

அவன் சொன்னதுதான் நடந்திருக்க வேண்டும். காற்று ஏரியிலிருந்து எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் எங்கள் பக்கம் வரவில்லை. தண்ணீரில் விழுந்தது, பரவாமல் ஒரு கோடாகச் சேர்ந்து, அலைகளுக்கு எதிர்த்திசையில் வெளியே போனது. வீதியைக் கடக்கும் ஒருவர்போல அவசரமில்லாமல் போனது. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரிய அலை வந்து கல்லில் மோதி எங்கள்மேல் தெறித்தது.

சுகந்தி உதட்டைத் துடைத்தாள். “உப்பு” என்றாள்.

“இது ஏரி. நல்ல தண்ணி” என்றான் ரஞ்சன். “அது உம்மட கண்ணீர்.”

“நான் அழேல்லை.”

அவள் அழவில்லை என்பதற்கு நான் சாட்சி. என் கையிலும் தண்ணீர் தெறித்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அதை எங்காவது எழுத வேண்டி வந்திருக்கும்.

தினமும் மாலையில் வந்துகொண்டிருந்த காவலாளியின் தொலைபேசி அன்று வரவில்லை. மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போது, “உங்கள் பெரியவர் ஒருவழியாகப் போய்விட்டார்” என்றார். “மரியாதை தெரிந்த மனிதர். அந்தப் பெண் பையோடு வந்தபோது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.”

மூலைக் கதிரை சுவரோடு இருந்தது. அன்று வந்த எட்டு விண்ணப்பங்களும் பிழையாகவே நிரப்பப்பட்டிருந்தன.

6. பதில்

பதில் வராது என்று எண்ணி நான் கோப்பைக் கட்டிவைத்த பிறகு, ராஜதந்திரப் பையில் ஒரு கடிதம் வந்தது. அமைச்சின் வழமையான தாள், வழமையான நடை:

‘மேற்படி விடயம் தொடர்பாக விண்ணப்பதாரரான முதியவர் இவ்வமைச்சுக்கு நேரில் சமூகமளித்து, குறித்த சாம்பல் கீரிமலைக் கடலில் ஏற்கனவே கரைக்கப்பட்டுவிட்டதாகத் தெரிவித்துள்ளமையால், அனுமதி தேவையற்றதாகின்றது. கோப்பு மூடப்படுகிறது.’

நான் நிதானமானவன். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு என்று உடனே எழுதிவைத்தேன். ஒன்று, தட்டச்சாளர் வேறொரு கோப்பின் வாக்கியத்தை இதில் இறக்கிவிட்டார். ஆனால் அந்த வருடம் கீரிமலைக்குப் போக எங்கள் அலுவலகம் அனுப்பிய விண்ணப்பம் இது ஒன்றுதான். மற்ற எவரும் கேட்கத் துணியாத இடம் அது. இரண்டு, யாழ்ப்பாணத்துத் தம்பி அமைச்சுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவன் முதியவன் அல்ல, வயது நாற்பது. பாதை பூட்டியிருந்ததால் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்று சுகந்திக்கு எழுதியிருந்தான்.

சுகந்தியை அழைத்துக் கடிதத்தைக் காட்டினேன். மேசைக்கு முன்னால் நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள்.

“விண்ணப்பதாரர் நான் எல்லோ அங்கிள்?”

“ஓம் பிள்ளை.”

“நான் இஞ்சை பாங்கிலை கவுண்டரிலை நிண்டனான்.”

“தெரியும்.”

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். தகப்பன் இறந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். “அப்பா ஒரு வேலைக்கும் ஆளை அனுப்பமாட்டார். என்ர பள்ளிக்கூட ரிப்போட்டை எடுக்கவும் தானேதான் போவார். கடலுக்கும் தானே போயிட்டு, பிறகு கந்தோருக்குப் போய் ரிப்போட் பண்ணியிருக்கிறார்.” கடிதத்தின் மடிப்பை விரலால் நேராக்கினாள். “அங்கிள், இதின்ர ஒரு கொப்பி தருவியளோ? அஜக்ஸிலை சாமி அறையிலை வைக்கப்போறன். இதை வீட்டுக்குள்ளை எடுக்கலாம்தானே?”

உள்ளகக் கடிதப் பிரதியை வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. எடுத்துக்கொடுத்தேன்.

சேவைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு கோப்பைப் பின்தொடர எங்களால் மட்டும்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். காத்திருப்பு அறையைத் தினமும் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தக் கடிதம் வந்தாலும், நம்பினாலும் நம்பாவிட்டாலும், பெற்ற திகதியை முத்திரையிடுங்கள். நானும் மூலக் கடிதத்தின் வலது மேல்மூலையில் இட்டேன்: 1997 மே 6.